பாதி வழி இருக்கும், பாதி இருக்காது

“பாதி வழி இருக்கும், பாதி இருக்காது மாப்ள. பரவால்லையா?” என்று கேட்டுவிட்டுத்தான் மாமா பாராங்கை இடுப்பில் கட்டினார்.

பாராங் இந்த ஊர் வெட்டுக்கத்தி. எங்கள் பக்கத்து அரிவாளைப் போல நுனி வளைந்திருக்காது. நேராக நீண்டு முனைப்பக்கம் கனத்து இருக்கும். மர உறையின் மேல் பிரம்பு சுற்றியிருந்தது. மாமாவுக்கு எழுபத்தேழு வயது. மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டில் காலை ஆறரை மணிக்கும் இருட்டு விலகவில்லை. இந்தப் பக்கம் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் வருகிறது. அத்தை ஒரு துணிப்பையில் சோப்புக் கட்டி, உப்புப் பொட்டலம், நாலு இட்லி எல்லாம் வைத்துக் கொடுத்தார். சோப்பும் உப்பும் அட்டைக்கு.

பெரியகுளத்திலிருந்து வந்தவன் நான். மாமா, என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் அண்ணன் மகன். பாட்டியின் அண்ணனான அந்தப் பெரியவர் 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர். அடுத்த வருஷமே, 1938-இல், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் இந்த வீடும் இந்த இட்லியும் இங்கே இருந்திருக்காது. மூன்று தலைமுறை ஆன பிறகும் மாமாவின் பேச்சில் எங்கள் ஊர் இருக்கிறது. நடுநடுவே மலாய்ச் சொல் விழும், அவ்வளவுதான். முதல் நாள் “கம்பத்துக்குப் போய்ட்டு வரேன்” என்று அவர் கிளம்பியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குக் கம்பம் என்றால் தேனிக்குத் தெற்கே திராட்சை விளையும் ஊர். இங்கே ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல் தமிழர் வாயில் கம்பம் ஆகிவிட்டிருக்கிறது. கம்பம் என்றால் கிராமம்.

பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி, எல்லை தாண்டிப் பகாங்கில் நுழைந்ததும் வரும் முதல் ஊர் ரிங்லெட். உயரம் 1,100 மீட்டருக்கு மேல். சாலையின் இரு பக்கமும் சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள். அதற்குள் தக்காளி, மிளகாய், சாமந்தி. ஊரைத் தாண்டினால் ஏரி. 1963-இல் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம் அது. பெர்தாம் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீரை மேற்கே பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். தண்ணீர் பாலூற்றிய தேநீர் நிறத்தில் கிடந்தது. மேலே காட்டை வெட்டிய சரிவுகளின் மண்ணெல்லாம் இங்கேதான் வந்து படிகிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்ட இரவில் கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. அந்த இடத்தைக் கடக்கும்போது மாமா வாய் திறக்கவில்லை.

ஹாபுவில் பெரிய சாலையை விட்டுப் பிரிந்தோம். அங்கிருந்து ‘போ’ தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகும் ஒடுங்கிய சாலை. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் தொடங்கிய தோட்டம் அது. தேயிலையை நான் மூணாறில் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் அந்தச் சரிவுகளை முதலில் பார்த்தபோது காரை நிறுத்தச் சொன்னேன். பனி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. பச்சை வரிகள் ஒவ்வொன்றாக முளைத்துவருவது போல இருந்தது. தொலைவில் இரண்டு பேர் இருபுறமும் பிடித்த மெஷினால் கொழுந்து வெட்டிக்கொண்டு போனார்கள். கூடை சுமந்த பெண்கள் யாரும் இல்லை. “அவங்க வங்காளதேசத்துப் பிள்ளைங்க. நம்மாளுங்க எல்லாம் கீழ எறங்கிட்டாங்க” என்றார் மாமா. கீழே என்றால் ஈப்போ, கோலாலம்பூர்.

கேமரன் மலையில் காட்டுப் பாதைகளுக்கு எண் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊர்வரைபடத்தில் கோடு போட்டிருப்பார்கள். நாலாம் எண் பாரிட் அருவிக்கு, எட்டாம் எண் பெரம்பான் மலைக்கு, பத்தாம் எண் ஜாசார் மலைக்கு. ஒன்பதாம் எண் தானா ராத்தா ஊரிலிருந்து ராபின்சன் அருவிக்கு இறங்கும். அதிலிருந்து பிரிந்த ஒரு கிளை போ சாலைப் பக்கம் வந்து முடியும். நாங்கள் அந்தக் கிளையில் கீழிருந்து ஏறினோம். அரை மணி நேரம் நடந்த பிறகு மாமா ஓரிடத்தில் நின்று வலது பக்கம் கையைக் காட்டினார். எனக்குப் புதர்தான் தெரிந்தது.

“இதுதான் நம்ம வழி. இதுக்கு நம்பர் கெடையாது.”

ரெசாம் என்று மலாயில் சொல்கிற பெரணி அங்கே நெஞ்சளவு உயரத்துக்கு மண்டியிருந்தது. ஒவ்வொரு தண்டும் கவட்டை கவட்டையாகப் பிரிந்து, பக்கத்துத் தண்டோடு கோத்துக்கொண்டு, ஒரு பெரிய முறுக்கிய பாய் போல நிற்கிறது. மண் சரிந்த இடத்திலும் வெயில் விழும் இடத்திலும் முதலில் வருவது இதுதானாம். மாமா வெட்டவில்லை. பாராங்கின் முதுகால் பாயை அமுக்கி மிதித்துக்கொண்டு உள்ளே போனார். பத்து எட்டு வைத்ததும் மரங்களின் நிழல் வந்தது, ரெசாம் நின்றுவிட்டது. அங்கே தரையில், ஒரு முழ அகலத்தில், மலைச்சரிவைச் சீவி எடுத்தது போல ஒரு தட்டு தெரிந்தது. மேலே இலை மக்கி, பாசி பிடித்து, நடுவே கட்டைவிரல் பருமனில் மரக்கன்றுகள் நின்றன. ஆனாலும் கால் வைத்தால் தெரிகிறது. பக்கத்து மண் மெத்தென்று அமுங்குகிறது, இது அமுங்கவில்லை. எத்தனையோ பேர் நடந்து இறுகிய மண்.

இதை எழுதும்போதும் என் உள்ளங்காலில் அந்த வித்தியாசம் இருக்கிறது.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மலைக்கு வந்தார். அவர் பெயர்தான் மலைக்கு. ஆனால் தான் பார்த்த சமவெளியை அவர் வரைபடத்தில் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டே இறந்தும் போனார். பிறகு 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, நுவரெலியா போல இங்கே ஒரு கோடைவாசத்தலம் அமைக்கலாம் என்றார். தாப்பாவிலிருந்து சாலை போடும் வேலை 1926-இல் தொடங்கி 1931-இல் முடிந்தது. புத்தகங்களில் இருப்பது இவ்வளவுதான். கேமரன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே செமாய்ப் பழங்குடி மக்கள் இந்தக் காட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். இன்று எண் போட்ட பாதைகளில் பலவும் அவர்கள் காலில் பிறந்தவையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் முகடு விட்டு முகடு தாவும் அந்தப் போக்கு, கையில் கருவி வைத்து மட்டம் பார்த்துப் போட்ட போக்கு இல்லை. அளந்து போட்ட பாதை சுற்றி வளைந்து ஏறும். காலறிந்து போட்ட பாதை நேரே ஏறி மூச்சு வாங்கவைக்கும்.

அதன் மேல் பட்டாளம் நடந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கே இறங்கியது. ஜனவரி 7-ஆம் தேதி, இந்த மலைக்குக் கீழே ஸ்லிம் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஒரே நாளில் சிதறின. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. தப்பிய சில பிரிட்டிஷ் அதிகாரிகள் பிடோர், தாப்பா மலைக்காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒளிந்து வாழ்ந்தார்கள். பின்னர் நீர்மூழ்கியில் வந்து இறங்கியவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். அவர்களுடைய பெரிய ஏக்கம் வானொலிக் கருவி. கனத்த கருவியையும் மின்கலங்களையும் இந்த மாதிரிச் சரிவுகளில் தோளில் சுமந்து ஏற்றி, கால்மிதியால் மின்சாரம் உண்டாக்கி, இலங்கையோடு பேச முயன்றார்கள். 1945 தொடக்கத்தில்தான் அது கைகூடியது. மழையில் மரத்தடியில் உட்கார்ந்து, காதில் கருவியை வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு ‘டிக்’ சத்தத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தைப் பற்றி வேறொரு கணக்கு உண்டு. கப்பலேறி வந்த பெரியவரின் தம்பி, தாப்பாவுக்குக் கீழே பால்மரத் தோட்டத்தில் இருந்தவர், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துப்போகப்பட்டார். பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் விழுந்த பாதை. போர் முடிந்ததும் அந்தப் பாதையிலும் பெரும்பகுதியைக் கைவிட்டுவிட்டார்கள். சின்னத்தாத்தா திரும்பவில்லை. அவர் போட்ட பாதையிலும் நிறைய இடம் இன்று காட்டுக்குள்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் விழுந்த அதே அதிர்ச்சிதான் எங்கள் ஊருக்கு மேலே ஒரு சாலையைத் திறந்தது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக மூணாறு போகும் மலைவழி. 1942-இல் ஜப்பான் குண்டுகள் விசாகப்பட்டினத்தில் விழுந்து, சென்னையே காலியானபோது, மதராஸ் வெள்ளைக்காரர்கள் மலையேறிக் கொச்சிக்குத் தப்பிப்போக வழி வேண்டும் என்று அதைச் சீர்செய்தார்கள். வந்தரவு பக்கத்தில் ஏறக்குறைய 2,480 மீட்டர் உயரத்தைத் தொடும் சாலை அது. தப்பிப்போகும் தேவை வரவேயில்லை. 1990-இல் அதை மூடிவிட்டார்கள். சின்னவயதில் அப்பா என்னைப் பேரிஜத்துக்குக் கூட்டிப்போய், அதற்கு அப்பால் புல் முளைத்துக் கிடந்த சாலையைக் காட்டி, “இதுல நடந்தா மூணாறு” என்றார். நடக்கவிடவில்லை. அன்றிலிருந்து மூடிய பாதை ஒன்றைப் பார்த்தால் என் கால் அந்தப் பக்கம் இழுக்கும். இந்தப் பயணத்துக்கே காரணம் அதுதான் என்று மாமாவிடம் சொன்னேன். “ஜப்பான்காரன் இங்க வந்தான், ரோடு அங்க போட்டாங்களா?” என்று வெகுநேரம் வியந்தார்.

ஓரிடத்தில் மாமா ஒரு பெரிய மரத்தைச் சுற்றிவந்து, பாசியை விரலால் வழித்து, என் கையைப் பிடித்து வைத்தார். பட்டைக்குள்ளிருந்து ஒரு கம்பி வெளியே வந்து, ஒரு சாண் நீண்டு, முறிந்திருந்தது. கறுப்பு உறை வெடித்து உள்ளே துரு. மரம் அதை வருஷா வருஷம் விழுங்கி, உதடு மூடுவது போலச் சுற்றி வளர்ந்திருந்தது. “சோல்ஜருங்க டெலிபோன் கம்பின்னு எங்கப்பா சொல்வாரு” என்றார்.

மாமா பிறந்த 1948-இல் மலாயாவில் அவசரக்காலம் அறிவிக்கப்பட்டது. முடிந்தது 1960-இல். அவருடைய பிள்ளைப்பருவம் முழுக்க அதற்குள்தான். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. அரிசி அளந்துதான் கிடைக்கும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்று டின் உணவை ஓட்டை போட்டுத்தான் கடையில் கொடுப்பார்கள். எடுத்து வைத்தால் கெட்டுப்போகும், அன்றே தின்ன வேண்டும். தானா ராத்தாவில் பிரிட்டிஷ் ராணுவத்தார் பிள்ளைகளுக்காக 1951-இல் ஸ்லிம் பள்ளி தொடங்கியது. தளபதி ஸ்லிம் பெயரில் இருந்த அந்த உறைவிடப் பள்ளி 1964 வரை நடந்தது. அந்தப் பிள்ளைகள் தாப்பாவிலிருந்து கவச வண்டிகள் முன்னும் பின்னும் வர மலையேறுவார்கள். மாமாவுக்கு அந்த வண்டிகளின் சத்தம் நினைவிருக்கிறது. உள்ளே இருந்த பிள்ளைகளின் முகம் நினைவில்லை. காட்டுக்குள் இன்னும் ஆழத்தில் ராணுவம் கோட்டைகள் கட்டி, விமானத்திலிருந்து சாமான் போட்டு, ஒராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தது. தெலானோக் கோட்டை அவற்றில் ஒன்று. ரோந்துக்கு ஒரு பாதை, கம்பி இழுக்க ஒரு பாதை, சாமான் தூக்க ஒரு பாதை என்று காடு முழுக்கக் கோடு விழுந்தது. சண்டை முடிந்ததும் கோடுகள் தோட்டத்து ஆட்களிடம் வந்தன.

“எங்களுக்கு அது சுருக்கு வழி. ரோட்டுல சுத்திப் போனா எவ்வளவு நேரம்! இதுல ஏறி எறங்கினா தானா ராத்தா. படம் பாக்க, சாமான் வாங்க, பிரிஞ்சாங் கோயில் திருவிழாவுக்கு, எல்லாத்துக்கும் இதுதான்.”

பிரிஞ்சாங் கோயில் என்றால் தெண்டாயுதபாணி சுவாமி கோயில். எங்கள் மலைக்கு வடக்கே பழனியில் நிற்கிற அதே கோவணாண்டி. முந்தின நாள் அங்கே போயிருந்தேன். பிறகு மேலே பிரிஞ்சாங் மலை உச்சிக்கும். இரண்டாயிரம் மீட்டருக்குச் சற்று மேல். தீபகற்ப மலேசியாவில் கார் ஏறும் மிக உயரமான இடம். உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் பனிக்குள் முனகிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் பின்னாலிருந்துதான் முதலாம் எண் பாதை இறங்குகிறது. எட்டிப் பார்த்தேன். வேர்களுக்கு நடுவே ஒரு குழி, அதற்குள் இருட்டு. ஜிம் தாம்சன் நினைவுக்கு வராமல் இருக்காது. தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகறியச் செய்தவர், முன்னாள் அமெரிக்க உளவுத்துறை ஆள். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு மதியம், தானா ராத்தாவுக்கு மேலே தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவேயில்லை. நூற்றுக்கணக்கானவர்கள், போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி தடம்பிடிப்பவர்கள் என்று பல நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. அப்போது பத்தொன்பது வயது மாமா தேடுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சுருக்கு வழிகளைக் காட்டப் போனாராம். “பாதையில போனவனுக்கு ஒண்ணும் ஆகாது. பாதைய விட்டுப் பத்தடி போனா நானே காணாமப் போவேன்” என்றார். சொல்லும்போது குரல் தணிந்தது.

கைவிட்ட பாதை என்றதும் இன்னொரு படம் நினைவுக்கு வந்தது. என் தங்கை மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே ஒரு குன்றின் மேல் மூடப்பட்ட பழைய ரேடார் தளத்தைச் சுற்றி, பனிச்சறுக்குக் கட்டைகளோடு காட்டுக்குள் நடப்பதற்காக வெட்டிய பாதைகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ரஷ்ய விமானம் வருகிறதா என்று பார்க்க ஐம்பதுகளில் அந்த நாட்டில் வரிசை வரிசையாக ரேடார் நிலையங்கள் வைத்தார்கள். 1957-இல் வடதுருவப் பகுதியின் ஓரமாகவே ஒரு வரிசை போட்டார்கள். பிறகு பல நிலையங்களை மூடினார்கள். யாரும் சறுக்கி வராமல் பல வருஷம் ஆன பாதை என்று சொன்னான். படத்தில் ஊசியிலை மரங்களுக்கு நடுவே நேர்கோடாக ஒரு வெள்ளைச் சந்து அப்படியே திறந்து கிடந்தது. குளிரில் மரம் மெதுவாக வளர்கிறது, அதனால் சந்து அடைபட நாளாகிறது. மாமாவிடம் கைப்பேசியில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இங்க ரெண்டு மழைக்காலம் போதும்” என்றார்.

மேலே எங்கோ சியாமாங் என்ற வாலில்லாக் குரங்குகள் கூவத் தொடங்கின. தொண்டைப் பையை ஊதிப் பெருக்கி, முதலில் முரசு போல ஒரு அதிர்வு, பிறகு பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும் கூச்சல். ஒரு ஜோடி தொடங்க, அடுத்த முகட்டிலிருந்து இன்னொரு ஜோடி பதில் சொன்னது. உடம்பெல்லாம் சிலிர்த்து நின்றுவிட்டேன். கால்விரல் இடுக்கில் இரண்டு அட்டை ஏறியிருந்ததைக்கூட அது ஓய்ந்த பிறகுதான் பார்த்தேன். மாமா உப்பைத் தொட்டு வைத்தார், உருண்டு விழுந்தன.

இன்னும் கால் மணி நேரம் போயிருப்போம். ஓடை ஒன்று குறுக்கே வந்தது. அக்கரையில் மலை சரிந்து, சிவந்த மண்ணும் வேரோடு சாய்ந்த மரங்களும் மேலிருந்து கீழ்வரை கிடந்தன. அதன் மேல் ரெசாம் பச்சைப் பாய் விரித்திருந்தது. பாதை ஓடைவரை வந்து நின்றுவிட்டது.

மாமா ஒரு கல்லில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தார். சாப்பிடவில்லை. அக்கரையைப் பார்த்துக்கொண்டே, விரலை மடக்கி மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். “இங்கேருந்து ஏறினா இடது கைப்பக்கம் மூங்கில் கூட்டம். அத்தோட ஒரு திருப்பம். அப்புறம் பெரிய கல்லு ஒண்ணு, ஆள் ஒக்கார்ற மாதிரி பள்ளம் இருக்கும். அதத் தாண்டினா வேர்ப்படி. எண்ணிருக்கேன், நாப்பத்திரண்டு படி. அப்புறம் எறக்கம்தான். கீழ வெளிச்சம் தெரியும்.”

1974-இல், அத்தைக்கு முதல் பிரசவம். மழையில் சாலையை மண் மூடிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு, அத்தையை முன்னே விட்டு, மாமாவும் அவருடைய அம்மாவும் இரண்டு சிநேகிதர்களும் அரிக்கேன் விளக்கோடு பின்னால் வர, இந்த வழியாகத்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். விடியும்போது சேர்ந்தார்கள். இப்போது காய்கறி லோரி ஓட்டுகிற பெரிய மகன் அன்று மத்தியானம் பிறந்தான்.

ஊர்வரைபடத்தில் இந்த வழி இல்லை. பட்டாளம் எங்காவது ஒரு தாளில் குறித்திருக்கலாம். செமாய் மக்களுக்கு அவர்கள் மொழியில் இதற்கு ஒரு பெயர் இருந்திருக்கலாம். தோட்டத்துத் தமிழர்கள் ‘சுருக்கு வழி’ என்றே சொல்லிவிட்டார்கள். வழியைத் தெரிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள் என்றார் மாமா. நான் கைப்பேசியை எடுத்து, மூங்கில், திருப்பம், கல், நாற்பத்திரண்டு வேர்ப்படி என்று எழுதிக்கொண்டேன். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ரிங்லெட் வீட்டு வாசலில் அத்தை துண்டோடு நின்றார்.

“எதுவரைக்கும் போனீங்க?”

“ஓடை வரைக்கும்.”

“அந்தப் பெரிய கல்லு இருக்கா?”

“அந்தப் பக்கம் போக முடியல. மலை சரிஞ்சு கெடக்கு.”

அத்தை துண்டை என்னிடம் நீட்டினார். நான் தலையைத் துவட்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அதுலதான் கொஞ்ச நேரம் ஒக்காந்தேன். கல்லு சூடா இருந்துச்சு, அவ்வளவு மழையிலயும்” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனார்.